பிழைப்பு

ஒரு கேள்விக்கு மூன்று பிழைகள்.
சரியான விடை கையேட்டிலேயே கிடக்கும்,
அதற்கு நான் தேவையில்லை.
பிழைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஏஜக்ஸ் நகரில், நிலவறையில்,
சலவை இயந்திரத்துக்கும் சூடேற்றிக்கும் நடுவே
ஒரு மேசை, இரண்டு திரை.
களஞ்சியத் தொழிலாளருக்கு இணையவழிப் பயிற்சி:
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, அமிலம் சிந்தினால் செய்வது,
ஏணியில் எத்தனையாம் படிவரை ஏறலாம்.
பன்னிரண்டு நிமிடம் காணொளி. பிறகு இருபது கேள்வி.
எண்பது வீதம் எடுத்தால் சான்றிதழ் தானாக அச்சாகும்.
எடுக்காவிட்டால்
மஞ்சள் தொப்பிக்காரன் மறுபடியும் முதலிலிருந்து சிரிப்பான்.

நல்ல பிழை எழுதுவது லேசில்லை.
பார்த்ததும் சிரிப்பு வந்தால் அது பிழையே அல்ல.
சரியைவிட நீளக் கூடாது, குறுகவும் கூடாது.
'மேற்கூறிய யாவும்' என்று நழுவக் கூடாது.
கவனியாதவன் அதில் விழவேண்டும்,
கவனித்தவன் ஒரு கணம் நின்று தாண்டவேண்டும்.
உண்மையின் உடுப்பைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு
கதவைத் தட்டவேண்டும்,
சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்போல.

மாத முடிவில் கணக்கு வரும்.
எந்தப் பிழையை எத்தனை பேர் தொட்டார்கள்,
எத்தனை வினாடி யோசித்தார்கள்.
ஒருவரும் தொடாததை நாங்கள் 'செத்த பிழை' என்போம்.
எடுத்துவிட்டு உயிருள்ளது ஒன்று வைப்பேன்.

பெப்ரவரி. பதினான்காம் கேள்வி.
வண்டியின் இரும்புக் கரம் வளைந்திருக்கக் கண்டால்
என்ன செய்வீர்கள்?
அ. நிறுத்தி, சாவியை எடுத்து, உடனே அறிவிப்பேன்.
ஆ. பாரத்தைக் குறைத்து ஓட்டுவேன்.
இ. வேலை முடியும்வரை ஓட்டிவிட்டுப் பிறகு சொல்வேன்.
ஈ. நானே அடித்து நிமிர்த்துவேன்.

மில்டன் களஞ்சியம், பகல் அணி: எல்லோரும் அ.
இரவு அணி: நாற்பத்தொரு பேரில் முப்பத்துமூன்று பேர் இ.

ஃபியோனா அழைத்தாள்.
"கேள்வி குழப்புகிறது, யாழ்மொழி.
இ-யை இன்னும் கொஞ்சம் பிழையாக்கு."

நான் வினாடிகளைப் பார்த்தேன்.
குழம்பியவர்கள் தடுமாறுவார்கள், திரும்பி வருவார்கள்,
விடையை மாற்றி மாற்றி அழுத்துவார்கள்.
இவர்கள் மூன்று வினாடியில் அழுத்தியிருந்தார்கள்.
தன் வீட்டு இலக்கத்தைச் சொல்வதுபோல.

ஒருவர், 20718 என்ற எண் மட்டும் தெரியும்,
தேர்ச்சி பெற்ற பிறகும் மூன்று முறை எழுதியிருக்கிறார்.
விடியற்காலை நாலு மணி, நாலரை, ஐந்து.
மற்றப் பத்தொன்பதும் சரி.
பதினான்கில் மூன்று முறையும் இ.
வேறெங்கும் எழுத அந்தப் பரீட்சையில் இடமில்லை.
நாலு வட்டம், ஒன்றைத்தான் நிரப்பலாம்.

பிழை விடவில்லை அவர்கள். பிழைக்கிறார்கள்.

ஃபியோனாவுக்கு எழுதினேன்:
கேள்வியில் குழப்பம் இல்லை.
மில்டனுக்கு யாரையாவது அனுப்பி வண்டியைப் பாருங்கள்.
இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது, முடிவில் ஒரு சிரித்த முகத்தோடு:
நாம் பயிற்சி கொடுப்பவர்கள், பரிசோதகர்கள் அல்ல.

அதை அப்படியே களஞ்சியத்தின் தொலைபேசி எண்ணைத் தேடி
நானே அழைத்தேன் என்று சொல்ல ஆசை.
எண்ணைத் தேடினேன். அதுவரை உண்மை.
சலவை இயந்திரம் சுற்றி முடித்துக் கூவியது,
போய்த் துணிகளை எடுத்தேன்.

பதினான்காம் கேள்வியை ஓய்வுபெற்றவற்றின் கோப்பில் போட்டார்கள்.
புதிய பதினான்கு:
களஞ்சியத்துள் எந்தக் காலணி அணியவேண்டும்?
மூன்று பிழையும் என்னுடையவைதான்.
செருப்பு, ஓட்டச் சப்பாத்து, வெறுங்கால்.
ஏப்ரலில் இரவு அணி நூற்றுக்கு நூறு.
பிழைகள் மூன்றும் செத்துக் கிடந்தன, ஒருவரும் மாற்றச் சொல்லவில்லை.

20718 ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறார்.
அந்தக் கேள்விக்கு மட்டும்
நாற்பது வினாடி.